ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமா?
தொடக்கத்தில் தோற்கும் கூடைப்பந்து அணியின் கணக்கைப் படிப்பது எப்படி?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் வீட்டு அடுப்படியில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. ஒரு பருக்கையை விரலிடையில் நசுக்கிப் பார்த்தே உலையை இறக்கும் அம்மாக்களுக்கு அதன் உண்மையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் பழமொழி பலிப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பானையில் உள்ளது முழுவதும் ஒரே அரிசியாக, ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்திருக்க வேண்டும். வேகும் நேரமும் ஆகியிருக்க வேண்டும். அரிசி களைந்து போட்ட ஐந்தாம் நிமிடத்தில் ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இது வேகாத அரிசி’ என்று பானையைக் கவிழ்ப்பவர் யாரும் இல்லை.

விளையாட்டில் மட்டும் நாம் அதைத்தான் செய்கிறோம். ஓர் அணி முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றதும், ‘இந்த ஆண்டு அணி சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வீட்டிலும், ‘தோற்கிறதற்குத்தானா தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம்? படிக்கிற வழியைப் பார்’ என்ற பேச்சு எழுகிறது. இவ்வாறு பருவத்தின் நடுவிலேயே ஆடுகளத்தை விட்டுப் போன பெண்கள் பல ஊர்களிலும் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் நல்ல ஆட்டக்காரராய் வளர்ந்திருப்பார்கள் என்பதை எந்தக் கணக்கும் நமக்குச் சொல்லாது. ஆகவே, தொடக்க ஆட்டங்களின் எண்களைச் சரியாகப் படிக்கக் கற்பது பொழுதுபோக்கான காரியமன்று. ஒரு பெண் அணியில் நிற்பதும் நீங்குவதும் சில வேளைகளில் அதைப் பொறுத்தது.

இதற்கு ஒரு நல்ல பாடம், அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2024-ஆம் ஆண்டு நடந்தது. அதை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

தோல்விப் பட்டியல்

இண்டியானா ஃபீவர் என்னும் அணி 2016-க்குப் பிறகு இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறாமல் கிடந்தது. 2022-இல் ஆடிய 36 ஆட்டங்களில் 5-இல் மட்டுமே வென்றது. 2023-இல் 40-க்கு 13. அடுத்த ஆண்டு, கல்லூரி ஆட்டத்தில் நாடறிந்த பெயர் பெற்ற கெய்ட்லின் கிளார்க் முதல் தேர்வாக அணியில் சேர்ந்தார். முந்தின ஆண்டின் முதல் தேர்வான அலியா பாஸ்டனும் உடன் இருந்தார். அரங்குகள் நிரம்பி வழிந்தன. எல்லோரும் வெற்றியை எதிர்பார்த்தனர். நடந்ததோ பின்வருமாறு. முதலில் உள்ளது இண்டியானாவின் புள்ளி.

மே 14 – கனெக்டிகட் சன் – 71–92 – தோல்வி
மே 16 – நியூயார்க் லிபர்டி – 66–102 – தோல்வி
மே 18 – நியூயார்க் லிபர்டி – 80–91 – தோல்வி
மே 20 – கனெக்டிகட் சன் – 84–88 – தோல்வி
மே 22 – சியாட்டில் ஸ்டார்ம் – 83–85 – தோல்வி
மே 24 – லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் – 78–73 – வெற்றி
மே 25 – லாஸ் வேகாஸ் ஏசஸ் – 80–99 – தோல்வி
மே 28 – லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் – 82–88 – தோல்வி
மே 30 – சியாட்டில் ஸ்டார்ம் – 88–103 – தோல்வி
ஜூன் 1 – சிகாகோ ஸ்கை – 71–70 – வெற்றி
ஜூன் 2 – நியூயார்க் லிபர்டி – 68–104 – தோல்வி

11 ஆட்டங்கள், 2 வெற்றி, 9 தோல்வி. கூட்டிப் பார்த்தால் இண்டியானா எடுத்தது 851 புள்ளி, கொடுத்தது 995. ஆட்டத்துக்கு ஏறத்தாழ 13 புள்ளி பற்றாக்குறை. ‘கிளார்க் வந்தும் பயனில்லை’ என்று பேசியவர் பலர். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நாம் நான்கு கேள்விகள் கேட்போம்.

முதற் கேள்வி: யாரிடம் தோற்றது?

11 ஆட்டங்களில் 8 ஆட்டங்கள் லிபர்டி, சன், ஏசஸ், ஸ்டார்ம் என்னும் நான்கு அணிகளுடன் நடந்தன. முந்தின ஆண்டில் ஏசஸ் வாகையர், லிபர்டி இரண்டாமிடம், சன் அரையிறுதி வரை வந்த அணி. 2024 முடிவில் 40 ஆட்டங்களில் லிபர்டி 32, சன் 28, ஏசஸ் 27, ஸ்டார்ம் 25 வெற்றிகள் பெற்றன. லிபர்டிதான் அவ்வாண்டின் வாகையர். இந்த எட்டு ஆட்டங்களிலும் இண்டியானா தோற்றது. மீதி மூன்றும் ஸ்பார்க்ஸ், ஸ்கை என்னும் எளிய அணிகளுடன். அவற்றுள் இரண்டில் வென்றது.

ஆக, ‘11-க்கு 2’ என்ற எண்ணைப் பிரித்தால் ‘வலியவரிடம் 8-க்கு 0, எளியவரிடம் 3-க்கு 2’ என்றாகிறது. இரண்டும் ஒரே எண்தான். ஆனால் முதலாவது ‘இந்த அணி எதற்கும் உதவாது’ என்கிறது. இரண்டாவது ‘இந்த அணி நடுத்தரமானது, பாதை செங்குத்தானது’ என்கிறது. பானையில் எல்லாம் ஒரே அரிசியன்று என்று முன்னே சொன்னது இதுதான்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவில் தோற்றது?

முதல் ஐந்து ஆட்டங்களின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 21, 36, 11, 4, 2. வெற்றிப் பலகையில் இந்த ஐந்தும் ‘தோல்வி’ என்ற ஒரே சொல்லாகவே நிற்கின்றன. புள்ளிகளோ வேறு கதை சொல்கின்றன. லிபர்டியிடம் 36 புள்ளியில் தோற்ற அணி, இரண்டே நாளில் அதே அணியிடம், அதன் சொந்த அரங்கில், 11 புள்ளியில் தோற்றது. சன் அணியிடம் 21 என்பது ஆறு நாளில் 4 ஆனது. எதிரணி மாறாதபோது வித்தியாசம் குறைவதைப் போல நம்பத் தகுந்த சான்று வேறில்லை. ஆறாவது ஆட்டத்தில் வந்த முதல் வெற்றி, திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று.

இரண்டு புள்ளி என்பது ஒரே ஒரு எறிதான். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசிய மகளிர் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் நம் இந்திய அணி கசகஸ்தானை 75–73 என்று வென்றது. கடைசி நொடிகளில் ஒரு பந்து வளையத்தில் வேறு விதமாய்ச் சுழன்றிருந்தால் தங்கம் வெள்ளியாகியிருக்கும். அதனால் நம் பெண்கள் ஒரு மாற்றுக் குறைந்தவர் ஆகியிருப்பார்களா? நூலிழையில் வெல்வதிலும் தோற்பதிலும் தற்செயலுக்குப் பெரும் பங்கு உண்டு.

தற்செயலைக் கணிதத்திலும் காணலாம். சம வலிமையுள்ள இரு அணிகள் மோதினால் தோற்பதற்கு வாய்ப்பு இரண்டில் ஒன்று. தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்பதற்கு வாய்ப்பு 32-இல் ஒன்று. அதாவது எல்லா வகையிலும் சமமான 32 அணிகள் களமிறங்கினாலும், அவற்றுள் ஏதேனும் ஒன்று முதல் ஐந்து ஆட்டங்களையும் இழந்து நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஓர் அணியைப் பார்த்து ஊர் சிரிக்கும். குற்றம் அணியில் இல்லை.

மூன்றாம் கேள்வி: எந்த நிலையில் தோற்றது?

கிளார்க் தம் கல்லூரியின் கடைசி ஆட்டத்தை, தேசிய இறுதிப் போட்டியை, ஏப்ரல் 7 அன்று ஆடினார். தொழில்முறையில் முதல் ஆட்டம் மே 14. இடையில் 37 நாட்கள். புதிய அணி, புதிய தோழியர், தம்மைவிட வலுவும் வயதும் மிகுந்த எதிரிகள். அதற்கு மேல், அந்த 11 ஆட்டங்களும் 20 நாட்களுக்குள் நெருக்கப்பட்டிருந்தன. சேர்ந்து பயிற்சி செய்யப் பொழுதே இல்லை.

பட்டியலில் மே 24, 25 நாட்களையும், ஜூன் 1, 2 நாட்களையும் கவனியுங்கள். இரண்டு முறையும் முதல் நாள் வெற்றி. மறுநாளே வேறோர் ஊருக்குப் போய் வலிய அணியுடன் ஆடி, 19 புள்ளியிலும் 36 புள்ளியிலும் தோல்வி. இவை திறமையை மட்டும் காட்டும் எண்களல்ல, களைப்பையும் காட்டுபவை. நம் மாணவியருக்கும் இது பொருந்தும். காலையில் ஓர் ஆட்டம், வெயிலில் காத்திருப்பு, பிற்பகலில் இன்னோர் ஆட்டம் என்று ஆடிய நாளின் இரண்டாவது ஆட்டத்தை வைத்து ஒருத்தியை எடைபோடுவது நியாயமாகாது.

நான்காம் கேள்வி: எதனால் தோற்றது?

இதுவரை கேட்ட மூன்று கேள்விகளும் தோல்விக்குச் சமாதானம் தேடுவன போலத் தோன்றலாம். நான்காவது கேள்வி அப்படியன்று. அது கசப்பு மருந்து.

கூடைப்பந்துக் கணக்கில் பெயர் பெற்ற டீன் ஆலிவர் என்னும் அமெரிக்கர், ஆட்டத்தின் முடிவை நான்கு காரணங்களாகப் பிரித்தார். கூடையில் போடும் திறன், பந்தை எதிரியிடம் பறிகொடுத்தல், தவறிய பந்தை மீட்கும் ரீபவுண்டு, எதிரியின் தவறால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ ஆகியவை அவை. நூற்றுக்குத் தோராயமாக 40, 25, 20, 15 என்று அவற்றிற்கு மதிப்பும் கொடுத்தார்.

முதலாவதை எடைபோடுகையில் ஒரு நுட்பம் உண்டு. ஒருத்தி இரு புள்ளி எறிகள் 10 முயன்று 5 போடுகிறாள். மற்றொருத்தி தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிகள் 9 முயன்று 3 போடுகிறாள். முதல்வள் பாதி போட்டாள், மற்றவள் மூன்றில் ஒன்றுதான் போட்டாள் என்று இகழலாகாது. முன்னவள் 10 முயற்சியில் 10 புள்ளி, பின்னவள் 9 முயற்சியில் 9 புள்ளி. இருவரும் சமமே.

தூர எறி விரைவில் ஏமாற்றும் எண்ணும் ஆகும். மூன்றுக்கு ஒன்று போடக்கூடிய கைதேர்ந்த பெண்ணும், ஓர் ஆட்டத்தில் ஆறு முயன்று ஆறும் தவறவிடுவது ஏறத்தாழ 11 ஆட்டங்களுக்கு ஒரு முறை நேரும். இது வெறும் பெருக்கல் கணக்கு. ஆகவே தூர எறியில் ஓரிரு நாள் தவறியவளைத் திட்டாதீர்கள், எறியவும் தடுக்காதீர்கள். பந்தைப் பறிகொடுப்பதும், எதிரியை மறிக்காமல் விடுவதும், ரீபவுண்டுக்குத் தாவாமல் நிற்பதும் வேறு வகை. அவை பெரும்பாலும் பழக்கத்தால் வருவன. நான்கைந்து ஆட்டங்களிலேயே அவை தம் முகத்தைக் காட்டிவிடும்.

இண்டியானாவின் பட்டியலில் அப்படிப்பட்ட எண் எது? எதிரிக்குக் கொடுத்த புள்ளிகள். 995-ஐ 11-ஆல் வகுத்தால் 90-க்கும் மேல். வலிய அணிகளை எதிர்கொண்டது ஒரு காரணம்தான், முழுக் காரணமன்று. பருவம் முடிந்தபோதும் கழகத்தின் 12 அணிகளுள் அதிகப் புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணிகளுள் இண்டியானாவும் ஒன்றாகவே இருந்தது. தாக்குதலைப் பற்றித் தொடக்க எண்கள் சொன்னது பொய்யாயிற்று. தற்காப்பைப் பற்றிச் சொன்னது மெய்யாயிற்று.

கிளார்க்கின் கணக்கும் அவ்வாறே இரு முகமுடையது. முதல் ஆட்டத்தில் அவர் 20 புள்ளி எடுத்தார், ஆனால் 10 முறை பந்தைப் பறிகொடுத்தார். அந்தக் குறை நீங்கவில்லை. 40 ஆட்டங்களில் 223 முறை பறிகொடுத்தார். ஒரு பருவத்தில் அதற்குமுன் எவரும் அத்தனை முறை பறிகொடுத்ததில்லை. அதே பருவத்தில் அவர் கொடுத்த பாஸால் தோழியர் கூடையில் போட்டவை 337. அதுவும் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. துணிந்து பாஸ் கொடுக்கும் கைதான் இரண்டையும் செய்தது. ஓர் எண்ணை அதன் துணை எண்ணோடு சேர்த்துப் படிக்காவிட்டால், ஆட்டக்காரியின் பாதியைத்தான் காண்போம்.

பின்னர் நடந்தது

ஜூன் 2-க்குப் பிறகு அணிக்கு நான்கு நாள் ஓய்வு கிடைத்தது. ஜூன் 7 அன்று வாஷிங்டனை 85–83 என்று வென்றது. அடுத்து வந்த 15 ஆட்டங்களில் 9 வெற்றி. பாரிஸ் ஒலிம்பிக்கிற்காக விட்ட இடைவேளைக்குப் பின் 14-இல் 9 வெற்றி. தொடக்கத்தில் 36 புள்ளியில் தன்னை இருமுறை நசுக்கிய லிபர்டியை ஜூலை 6 அன்று 83–78 என்று வென்றது. ஆகஸ்டில் ஸ்டார்மையும் சன்னையும் வென்றது. முடிவில் 20 வெற்றி, 20 தோல்வி, ஆறாமிடம். எட்டு ஆண்டுகளில் முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது.

கதையை இங்கே நிறுத்தினால் இனிப்பாக இருக்கும், முழுமையாக இராது. இறுதிச் சுற்றின் முதற் கட்டத்தில் அதே சன் அணி 93–69, 87–81 என்று இண்டியானாவை வெளியேற்றியது. ஏசஸ் அணியை அவ்வாண்டில் ஒரு முறைகூட வெல்ல முடியவில்லை. தற்காப்புக் குறை கடைசி வரை உடன் வந்தது.

நல்ல தொடக்கமும் ஏமாற்றும் என்பதற்கு ஆடவர் கழகத்தில் ஒரு சான்று உண்டு. 2023–24 பருவத்தில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றது. அதன்பின் தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்று, 82-க்கு 14 வெற்றியோடு முடித்தது. மாறாக, 2004–05-இல் சிகாகோ புல்ஸ் முதல் ஒன்பது ஆட்டங்களையும் இழந்தும், 47 வெற்றியோடு பருவத்தை முடித்தது. முதல் சில பருக்கைகள் இரு பக்கமும் பொய் சொல்லும்.

மழையும் மதகும்

ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் வாழ்பவருக்கு இந்தப் பாடம் புதிதன்று. கடனா அணை ஆனி மாதத்தில் வற்றிக் கிடக்கிறது என்பதற்காக, பிசானத்துக்கு நாற்றுப் பாவ வேண்டாம் என்று எந்த விவசாயியும் முடிவு கட்டுவதில்லை. கார் சாகுபடிக்குத் தென்மேற்குப் பருவக்காற்று, பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு வாய்ப்புகள் இருப்பதை அவர் அறிவார். அதே வேளையில், மதகு உடைந்து தண்ணீர் வீணாகிறது என்று தெரிந்தால், மழை வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் மாட்டார். மழை தானாக வரும். மதகு தானாகச் சரியாகாது.

தொடக்க ஆட்டங்களின் எண்களையும் இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். வலிய எதிரி, நெருக்கமான ஆட்ட அட்டவணை, களைப்பு, தவறிய தூர எறிகள், இரண்டு புள்ளித் தோல்வி ஆகியவை மழையைப் போன்றவை. பொறுத்திருந்தால் மாறும். பறிகொடுத்த பந்து, மறிக்காமல் விட்ட எதிரி, தாவாத ரீபவுண்டு, தவறிய ஃப்ரீ த்ரோ ஆகியவை மதகைப் போன்றவை. நாளைய பயிற்சியிலேயே கை வைத்தால்தான் சீராகும். முன்னதற்காக அழுவதும் வீண், பின்னதற்காகப் பொறுப்பதும் வீண்.

நம் ஆடுகளத்தில் செய்யத்தக்கவை

பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வெளியே என்னும் முறையில் நடப்பவை. 40 ஆட்டங்கள் ஆடித் தேறும் வசதி நமக்கு இல்லை. ஆகவே பயிற்சி ஆட்டங்களின் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். களத்தில் இறங்காத மாணவி ஒருத்தி பெஞ்சில் அமர்ந்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் எதிரே முயன்ற எறி, போட்ட எறி, பறிகொடுத்த பந்து, ரீபவுண்டு, தோழிக்குக் கொடுத்த நல்ல பாஸ் என ஐந்து கட்டங்களில் கோடு போட்டு வரலாம். மேலே எதிரணியின் பெயர், அன்று எத்தனையாவது ஆட்டம், முடிவில் எத்தனை புள்ளி வித்தியாசம் என்பவற்றைக் குறிக்கட்டும். ஐந்தாறு ஆட்டங்களுக்குப் பிறகு அந்த நோட்டே ஆசிரியைக்கு அடுத்த பயிற்சியின் பாடத் திட்டமாகும். களத்தில் இடம் கிடைக்காத பெண்ணுக்கும் அணியில் ஒரு பொறுப்பு உண்டாகும். எழுதி எழுதி, ஆட்டத்தைப் பார்க்கும் அவள் கண்ணும் கூர்மையடையும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். மகள் சாயங்காலம் வியர்வையோடு வீடு வந்ததும், ‘ஜெயித்தாயா, தோற்றாயா?’ என்று கேட்பது இயல்பே. அதை அடுத்து, ‘யாரோடு ஆடினீர்கள்? போன தடவைக்கு இந்தத் தடவை எப்படி?’ என்றும் கேளுங்கள். காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலையும் அவ்வாறே படியுங்கள். எல்லாப் பாடத்திலும் ஒரே தாளில் விழுந்த குறைவு ஒன்று. மாதந்தோறும் ஒரே இடத்தில் விழும் குறைவு வேறு. முதலாவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதற்கு உடனே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். எதற்கும் பானையைக் கவிழ்க்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுப் பெண்ணான அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவியாக விளங்கி, 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டார். ஆசியாவின் வலிய அணிகளோடு பல ஆண்டுகள் மோதிய எந்த இந்திய வீராங்கனையும் பெருந்தோல்விகளைக் காணாமல் அந்த இடத்துக்கு வந்ததில்லை. தோற்ற மறுநாளும் ஆடுகளத்துக்கு வந்தவர்களே அவர்கள். நம் பெண்களும் வரட்டும். வரும்போது அந்த நாற்பது பக்க நோட்டையும் எடுத்து வரட்டும்.